கயிறு தளர்ந்த கதை

எங்கள் லாப்ரடோர் நாய்க்கு 9 மாதம், 28 கிலோ. நல்லூர்ப் பக்கம் நடக்கக் கூட்டிப்போனால் அதுதான் என்னை இழுத்துப்போகும். பயிற்சி வகுப்பில் முதல் நாள் மற்ற நாய்களைக் கண்டு குதித்த குதியில் என் செருப்பே அறுந்தது. கயிறு இறுகினால் நின்றுவிடுங்கள், தளர்ந்தால் மட்டும் நடங்கள் என்றார்கள். முதல் கிழமை படலையிலிருந்து சந்திக்குப் போகவே அரை மணி நேரம். அயலட்டை சிரித்தது. சரி, சிரிக்கட்டும்.

அவித்த கோழி இறைச்சியைச் சுண்டுவிரல் நகமளவு நறுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கயிறு தளர்ந்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு. பிந்திக் கொடுத்தால் எதற்கென்று அதற்கு விளங்காது. வெயில் ஏற முன், காலை 6 மணிக்கே போய்விடுவோம். ஐந்தாம் கிழமை கயிறு தொய்ந்தே வந்தது. மீன்காரரின் சைக்கிள் ஹோர்ன் கேட்டால் மட்டும் இன்னும் பாய்ச்சல்தான்.