அப்பா சொன்னதையெல்லாம் எழுதி வைக்கணும்னா இப்டி பண்ணுங்க

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அப்பாகிட்ட நேரா போய் "ஏதாவது அட்வைஸ் சொல்லுங்கப்பா, எழுதி வைக்கப் போறேன்"னு கேட்டா ஒண்ணும் தேறாது. மிஞ்சிப்போனா நேர்மையா இரு, கடன் வாங்காத, ஒடம்ப பாத்துக்கோன்னு ஸ்கூல் செவுத்துல பெயிண்ட்ல எழுதியிருக்கற ரகத்துல மூணு வரி வரும், அதுக்கப்புறம் "இன்னாடா ஆச்சு ஒனக்கு, ஆபீஸ்ல எதனா பிரச்சனையா"ன்னு நம்மளையே சந்தேகமா பாப்பாரு. நம்ம பக்கத்து அப்பாங்க கைல வேற வேலை இருக்கும்போதுதான் பேசுவாங்க, அதுவும் நம்ம மூஞ்சிய பாக்காம. மோட்டார் ரூம்ல ஃபியூஸ் மாட்டிக்கினே, டிவிஎஸ் 50 ஓட்டிக்கினே, தறியில அறுந்த இழைய முடிச்சு போட்டுக்கினே. அதனால மொத வேலை, அவரு கைக்கு வேலை இருக்கற எடத்துல நீங்க போய் சும்மா உக்காரணும், முடிஞ்சா ஸ்பேனர் எடுத்துக் குடுக்கணும்.

நேரம்னு பாத்தா எனக்குத் தெரிஞ்சு கத்திரி வெயில் ராத்திரிய அடிச்சிக்க ஆளில்ல. வேலூர்ல மே மாசம் 40 டிகிரி தாண்டி வெயில் குடிச்ச செவுரு பன்னண்டு மணி வரைக்கும் அனலடிக்கும், உள்ள படுக்க முடியாது, பாயத் தூக்கிக்கினு மொட்டை மாடிக்குப் போவோம், அந்த நேரம் பாத்து கரண்டும் போச்சுன்னா உங்களுக்கு அதிர்ஷ்டம், டிவி இல்ல, போன்ல சார்ஜ் இல்ல, இருட்டுல மனுஷன் தானா பேச ஆரம்பிப்பாரு. அடுத்தது ஆஸ்பத்திரி பெஞ்சு. டோக்கன் கூப்பிடற வரைக்கும் காத்துக்கினு இருக்கும்போது அப்பாங்க பழைய கணக்கெல்லாம் எடுப்பாங்க. காட்பாடில லேட்டா வர்ற ரயிலுக்குக் காத்திருக்கறதும் அதே கதைதான்.

போன்ல ரெக்கார்டு பண்றதா இருந்தா தெரியாம பண்ணாதீங்க, நாளைக்கு தெரிஞ்சா அப்புறம் வாயே தொறக்கமாட்டாரு. "போன் ஓடுதுப்பா"ன்னு ஒரு தடவ சொல்லிட்டு பக்கத்துல கவுத்து வச்சிடுங்க, அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவாரு. ஏரோப்ளேன் மோடுல போட்டுடுங்க, இல்லன்னா சரியான எடத்துல லோன் வேணுமான்னு எவனாவது கூப்புடுவான். அன்னிக்கு ராத்திரியே கேட்டு கையால எழுதிடணும். வாய்ஸ் டைப்பிங்க நம்பாதீங்க, அவரு "அவனாண்ட துட்டு கீது, புத்தி எங்க கீது"ன்னு சொன்னா அது என்னத்தையோ அடிச்சு வைக்கும், நாம அத திருத்தறேன்னு "அவனிடம் பணம் இருக்கிறது"ன்னு ஆக்கிடுவோம், அப்புறம் அது யாரோ ஒரு தலைமை ஆசிரியர் சொன்னதா ஆயிடும். கீதுன்னா கீதுன்னே எழுதுங்க. கெட்ட வார்த்த வந்தாலும் எழுதுங்க, வேணும்னா புள்ளி வச்சிக்கோங்க.

இப்ப முக்கியமான விஷயம். சொன்ன வரிய மட்டும் எழுதினா அதுக்கு அஞ்சு பைசா மதிப்பு கெடையாது. யார்கிட்ட சொன்னாரு, எங்க, எதுக்கு, அதுக்கு கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சு, இது நாலும் கூட இருக்கணும். என் நோட்டுல இருக்கறது ஒண்ணு காட்டறேன்.

"பட்டா பேசும்டா, அதுக்கு மேல பக்கத்து கொல்லைக்காரன் பேசுவான்."

வெறுமன படிச்சா ஏதோ எகத்தாளம் மாதிரி இருக்கும். நடந்தது இதுதான். குடியாத்தம் ரோட்டுல கே.வி.குப்பம் பக்கம் ஒரு மனை பாக்கப் போனோம், புரோக்கர் கைல பட்டா, முப்பது வருஷத்து வில்லங்கம், எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல போட்டு பளபளன்னு வச்சிருந்தாரு, நான் ஒவ்வொண்ணா பொரட்டிக்கினு இருந்தேன். அப்பா ஒரு பேப்பர கூட தொடல. செருப்ப வரப்புல கழட்டிவிட்டுட்டு பக்கத்து கொல்லைல முள்ளு கத்திரிக்கா பறிச்சிக்கினு இருந்த பெரியவர்கிட்ட போய், காய் என்ன வெலைக்குப் போவுது, தண்ணி எத்தினி அடில கீதுன்னு பேச்சு குடுத்து, கடைசில "இந்த மனை யாரோடதுங்க"ன்னு கேட்டாரு. அவரு கூடைய கீழ வச்சிட்டு, "எந்தப் பங்காளிய கேக்கறீங்க?"ன்னாரு. அவ்ளோதான். அப்பா திரும்பி வந்து வண்டிய எடுத்தாரு, புரோக்கருக்கு ஒரு கும்பிடு. ரோட்டுக்கு வந்தப்பறம்தான் அந்த வரி வந்துச்சு. அதுல எவ்ளோ விஷயம் இருக்கு பாருங்க, வில்லங்க சான்றுல ரிஜிஸ்டர் ஆனது மட்டும்தான் வரும், அண்ணன் தம்பிங்க வாய்ப்பேச்சா பாகம் பிரிச்சிக்கினது, அதுல ஒருத்தன் முறுக்கிக்கினு நிக்கறது, இதெல்லாம் எந்த ஆன்லைன்லயும் வராது, பக்கத்துல உழறவனுக்குத்தான் தெரியும். அந்தப் பெரியவர், அந்த கூடை, அந்தக் கேள்வி, இது மூணும் எழுதலன்னா என் பொண்ணு நாளைக்கு அந்த வரிய படிச்சிட்டு அடுத்த பக்கம் திருப்பிடுவா.

அடுத்தது, ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி ஒரு செலவு இருக்கும், அத அப்பா சொல்லமாட்டாரு. அம்மாகிட்ட கேளுங்க. அம்மாக்குத் தெரியலன்னா அத்தைகிட்ட கேளுங்க, அத்தைங்க எதையும் மறைக்க மாட்டாங்க. "எவனுக்கும் ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டுடாத"ன்னு எல்லா வீட்லயும் அப்பா சொல்லியிருப்பாரு, எங்க வீட்லயும்தான். அம்மாதான் சொன்னாங்க, கல்யாணமான புதுசுல கூட வேலை பாத்தவருக்காக ஒரு பைனான்ஸ்ல கையெழுத்து போட்டாராம், அந்த ஆளு ஊரவிட்டே போயிட்டாராம், அம்மாவோட ரெண்டு வளையலும் போச்சாம், அதுக்கப்புறம்தான் இந்த உபதேசம் பொறந்திருக்கு. இதுக்கு சட்டமும் கூட நிக்குது: 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 128வது பிரிவு, கடன் வாங்கினவனுக்கு எவ்ளோ பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்ளோ பொறுப்புன்னு சொல்லுது, அதாவது மொதல்ல அவன்கிட்ட கேளு அப்புறம் என்கிட்ட வான்னு பொதுவா சொல்ல முடியாது. அப்பாக்கு பிரிவு நம்பர் தெரியாது, வளையல் தெரியும். நோட்டுல ரெண்டையும் எழுதி வைங்க.

சரி, சொன்னது அப்பாவோட சொந்த சரக்கா, ஊர்ப் பழமொழியான்னு ஒரு பார்வை பாத்துக்கோங்க. இது அவர கொறை சொல்றதுக்கில்ல. "தந்தை சொல் மிக்க மந்திரம் இல்லை" கொன்றை வேந்தன்ல ஔவையார் சொன்னது, அத நம்மள வாயடைக்கறதுக்கு எடுத்துவிடாத அப்பாவே கெடையாது, அதுக்கு நோட்டுல பக்கம் வீணாக்க வேணாம். பீட்டர் பெர்சிவல்னு ஒரு வெள்ளக்கார பாதிரியார் 1874லயே ஆறாயிரத்துக்கு மேல தமிழ்ப் பழமொழிய தொகுத்து அச்சுல போட்டிருக்காரு, இணையத்துல சும்மாவே கெடைக்குது, சந்தேகம் வந்தா அதுல ஒரு தேடு தேடுங்க. பழமொழியா இருந்தா அவரு அத எங்க வளைச்சாருன்னு மட்டும் குறிச்சிக்கோங்க. "ஆத்துல போட்டாலும் அளந்து போடு" எல்லாருக்கும் தெரியும். என் கூட்டாளியோட நைனா மளிகைக்கடை வச்சிருந்தவரு, அவரு "அளந்து போடு, அளந்தத எழுதிப் போடு"ன்னு ஒரு வாலு சேத்தாரு. அந்த வாலுதான் அவரு.

உங்க அப்பாவோட தொழில்ல இருந்து வர்றத விட்டுடாதீங்க, அதுதான் அசல். குடியாத்தத்துல தறிக்காரர் வீட்டுப் பையன் சொன்னான், அவங்க அப்பா வீட்ல யாருக்காவது மனஸ்தாபம்னா "அறுந்த இழைய அப்பவே முடி போடு, நாலு விரக்கட போனா துணில தெரியும்"னுவாராம். ஆம்பூர்ல பிரியாணி மாஸ்டரோட பையன் ஒருத்தன் என்கூட படிச்சான், பாக்கறதுக்கு அமைதியா இருப்பான். சீரக சம்பா முக்கா பதம் வெந்ததும் வடிச்சு கறில சேத்து, மூடி மேல நெருப்பு போட்டு தம் கட்டினப்பறம், சின்ன வயசுல இவன் ஆசைல மூடிய தூக்கிப் பாத்திருக்கான். அப்பா திட்டல, கரண்டிய தொடச்சிக்கினே "மூடிய தொறக்கறவன் பிரியாணி பண்ணலடா, சந்தேகப்படறான்"ன்னாராம். இன்னிக்கு அவன் ஆளுங்கள வச்சு வேலை வாங்கறான், ஒருத்தன்கிட்ட ஒரு வேலை குடுத்துட்டா நடுவுல போன் போட்டு கேக்கவே மாட்டான். எங்க கத்துக்கிட்டன்னா பிரியாணிலன்றான்.

சொன்ன தேதிய போட மறக்காதீங்க, ஏன்னா சொல்லுக்கும் காலாவதி இருக்கு. நம்ம வேலூரப்பத்தியே ஒரு பழைய கிண்டல் உண்டு இல்லியா, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு. 1981ல சத்துவாச்சாரிலருந்து லிங்கத்த கொண்டாந்து கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில்ல வச்சிட்டாங்க, அதோட ஒரு இல்லை போச்சு. 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டுக்கினு ஓடுச்சு, ஊரே பாலத்து மேல நின்னு செல்ஃபி எடுத்துச்சு, அப்ப ரெண்டாவது இல்லையும் கொஞ்ச நாளைக்கு லீவு. ராஜா மட்டும்தான் இன்னும் வரல. அப்பாங்க சொல்றதும் அப்டித்தான். "கால் காசுன்னாலும் கவர்மெண்டு காசு"ன்னு அவரு சொன்னப்ப பழைய பென்ஷன் இருந்துச்சு, தமிழ்நாட்டு அரசு வேலைல 2003 ஏப்ரல்லருந்து சேந்தவங்களுக்கு பங்களிப்பு பென்ஷன்னு மாத்திட்டாங்க, கணக்கே வேற ஆயிடுச்சு. அதுக்காக அவரு சொன்னது தப்புன்னு அடிச்சிடாதீங்க, எந்த வருஷம் சொன்னாருன்னு போட்டுட்டா படிக்கறவங்களே புரிஞ்சிக்குவாங்க.

கசப்பானதும் வரும். பொண்ணுக்கு இவ்ளோ படிப்பு எதுக்கு, அந்தத் தெருவுக்குப் போகாத, அவன் வீட்ல தண்ணி குடிக்காதன்னு சொன்ன அப்பாங்களும் நம்ம அப்பாங்கதான். என் கருத்து, அதையும் எழுதணும், ஆனா பக்கத்துலயே நீங்க அத கேட்டீங்களா மீறினீங்களான்னும் எழுதணும். இல்லன்னா எல்லா அப்பாவும் மகான் ஆயிடுவாங்க, யாரும் நம்பமாட்டாங்க. அதே மாதிரி அவரு சொல்லிட்டு அவரே செய்யாததையும் குறிச்சு வைங்க. ஏலச்சீட்டு எடுக்காதன்னு எங்களுக்கு சொல்லிட்டு அவரு ரெண்டு சீட்டு கட்டிக்கினு இருந்தாரு.

அப்பா தவறிட்டாரா, அப்பவும் வழி இருக்கு. கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டைல வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துல இருந்தவங்க இருப்பாங்க, அந்த மாதிரி வீடுங்கள்ல பரண்மேல டிரங்கு பெட்டில இன்லேண்டு லெட்டருங்க இருக்கும். நேர்ல பேசாத மனுஷன் லெட்டர்ல மடிக்கற ஓரத்துல எல்லாம் எழுதியிருப்பாரு, மாட்ட வித்துடாத, தம்பிய அடிக்காத, மழைக்கு முன்னாடி கூரைய பாருன்னு. முகவரி எழுதற பக்கத்தையும் விரிச்சு பாருங்க, முக்கியமானது எடம் பத்தாம அங்கதான் போயிருக்கும். லெட்டர் இல்லன்னா கணக்கு நோட்டு, டைரி, கல்யாண மொய் நோட்டு. யாருக்கு எவ்ளோ மொய் வச்சாரு, யாருக்கு ரெண்டு மடங்கா திருப்பினாருன்னு பாத்தாலே அவரு வாயால சொல்லாதது தெரியும். காரியத்தன்னிக்கு சாப்ட்டுட்டு பந்தல்ல உக்காந்து அவரோட கூட்டாளிங்க பேசுவாங்க பாருங்க, அப்ப சொந்தக்காரங்கள கவனிக்கற வேலைய வேற யாருக்காவது தள்ளிட்டு அங்க போய் ஒரு நாற்காலி போட்டுக்கோங்க. அன்னிக்கு விட்டா அந்த செட்டு மறுபடி ஒண்ணா உக்காராது.

பேசவே பேசாத அப்பாவா இருந்தா செஞ்சத எழுதுங்க. பஸ்ல ஜன்னல் சீட்ட எப்பவும் யாருக்கு விட்டாரு, கடைல பாக்கி சில்லறைய எண்ணினாரா இல்லையா. அதுவும் சேத்திதான்.

கடைசியா எப்டி வச்சிக்கறதுன்னு. தயவுசெஞ்சு ரோஜாப்பூ படம் போட்டு ஃபேமிலி குரூப்ல குட்மார்னிங்கோட அனுப்பிடாதீங்க, ரெண்டாவது நாளே பெரியப்பா அத வேற யாரோ தலைவர் சொன்னதா திருப்பி அனுப்புவாரு. இருநூறு பக்கம் கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்குங்க, வலது பக்கம் அவரு சொன்னது, எடது பக்கம் காலியா விடுங்க, அம்மாவும் அத்தையும் பின்னாடி சொல்ற திருத்தம் எழுத எடம் வேணும், நெறய வரும். ஆடியோ ஃபைலுக்கு பேர் மாத்தி வைங்க, "ரெக்கார்டிங் 47"ன்னு விட்டா தேடவே மாட்டீங்க, "மாடி, மாமரம் வித்தது, மே"ன்ற மாதிரி வைங்க. போன் மாத்தும்போது வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டுங்கதான் மொதல்ல காணாம போவும், அதனால மாசத்துக்கு ஒருதரம் கம்ப்யூட்டர்லயோ பென்டிரைவ்லயோ ஏத்திட்டு, இன்னொரு காப்பி கூடப் பொறந்தவங்ககிட்ட குடுத்துடுங்க. அவங்க கேட்டுட்டு "என்கிட்ட அப்பா இப்டி சொல்லலயே, வேற மாதிரி இல்ல சொன்னாரு"ன்னு சண்டைக்கு வருவாங்க, வரட்டும், அதையும் எடது பக்கத்துல எழுதிக்கோங்க.