ஜெர்மன் தகர விமானம் வாங்கும் முன் வாலையும் வயிற்றையும் பாருங்கள்

பழைய ஜெர்மன் தகரப் பொம்மை விமானங்களைச் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது விற்பவர் சொல்லும் வருடத்தில்தான். '1920களின் அபூர்வ யுங்கர்ஸ் 52, மூன்று எஞ்சின்' என்று போட்டிருப்பார்கள். நிஜமான மூன்று எஞ்சின் யுங்கர்ஸ் 52 முதலில் பறந்ததே 1932இல், பொம்மை மட்டும் அதற்குப் பத்து வருடம் முன்னால் எப்படி வரும்? பன்னிரண்டு எஞ்சின் வைத்த டோர்னியர் பறக்கும் படகும் 1929இல்தான் வானத்தைப் பார்த்தது. ஜெர்மன் விமான நிறுவனத்தின் பெயர் லுஃப்ட் ஹன்சா என்று பிரித்து எழுதியிருக்கிறதா, சேர்த்தா என்றும் பாருங்கள். 1926இல் தொடங்கிய அந்த நிறுவனம் பெயரைச் சேர்த்து எழுதியது 1933இலிருந்து. இதெல்லாம் 'இதற்கு முன் இருக்க முடியாது' என்று மட்டும்தான் சொல்லும், அதுவே பாதிப் பொய்யை வடிகட்டிவிடும்.

அப்புறம் வயிற்றுப் பக்கம். டி.ஆர்.ஜி.எம். என்ற எழுத்துகளைப் பார்த்துவிட்டு அதுதான் கம்பெனி பெயர் என்று விற்பவர்களே எழுதுகிறார்கள். அது அன்றைய ஜெர்மன் அரசின் பயன்பாட்டு மாதிரிப் பதிவுக் குறி (சின்னக் கண்டுபிடிப்புகளுக்கானது), அவ்வளவுதான், எந்தக் கம்பெனி பொம்மையிலும் இருக்கலாம். 'யூ.எஸ். ஸோன் ஜெர்மனி' என்று இருந்தால் விவாதமே வேண்டாம், பொம்மைத் தொழிலுக்குப் பேர் போன நியூரம்பெர்க் அமெரிக்கர்கள் கையில் இருந்த, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலம். லேமன் கம்பெனி பொம்மை என்றால் ஊரைப் பாருங்கள்: போருக்கு முன் பிராண்டன்பர்க், பின்னால் நியூரம்பெர்க். போருக்குப் பிந்தையது மட்டமான பொருள் என்று நான் சொல்ல வரவில்லை, அதற்குரிய விலையைக் கொடுங்கள் என்கிறேன்.

ஜெர்மன் ஏலப் படங்களில் வாலில் ஒட்டுப் போட்டு மறைத்திருந்தால் சேதத்தை ஒளிக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டாம். நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்ட அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஆனால் ஒட்டுக்கு அடியில் சின்னம் சுரண்டப்பட்டிருக்கிறதா, புதிதாக வரையப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், விலையில் பெரிய வித்தியாசம் வரும். இந்த வகைப் போர் விமானங்களுக்குப் பேர் போனது டிப்கோ கம்பெனி. அதன் உரிமையாளர் ஃபிலிப் உல்மன் யூதர், 1933இல் பிரிட்டனுக்குப் போய் மெட்டாய் கம்பெனியைத் தொடங்கினார் (கோர்கி கார்கள் பிற்பாடு அங்கிருந்துதான் வந்தன). அவர் விட்டுப்போன தொழிற்சாலையில் ஸ்வஸ்திகா போட்ட விமானங்கள் அச்சாயின. கையில் எடுக்கும்போது இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

வாங்கியதும் செய்கிற தவறு இன்னும் மோசம்: பித்தளைப் பாலிஷும் பாத்திரம் துலக்கும் நாரும். பொம்மை மேல் இருக்கும் லித்தோ எனும் வண்ண அச்சு, தட்டையான தகடாக இருக்கும்போதே அச்சடித்து, பிறகு வெட்டி வளைத்தது. தேய்த்து அழித்தால் திரும்ப வராது, பிரஷ்ஷால் தொட்டு நிரப்பினால் பக்கத்தில் அச்சுப் புள்ளிகளுக்கு நடுவே அசடு வழியும். மென்மையான உலர்ந்த துணி போதும். கீறலும் கொஞ்சம் துருவும் இருக்கட்டுமே. புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், புதிய பெயிண்ட் பல நேரம் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். தகடுகளைக் கோத்திருக்கும் மடிப்பு நாக்குகளையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒருமுறைக்கு மேல் நிமிர்த்தி மடக்கியிருந்தால் விரிசல் தெரியும், அதாவது யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள். முன்விசிறி, சக்கரம், விமானி பொம்மை மூன்றும் அடிக்கடி தொலைந்து, புதிதாகச் செய்து மாட்டப்படுபவை.

சரி, சாவி. வந்த அன்றே முழுக்க முறுக்காதீர்கள். உள்ளே எண்ணெய் பிசினாக உறைந்திருக்கும், இரண்டு சுற்று கொடுத்து மெதுவாக ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பலம் காட்டினால் ஸ்பிரிங் அறுந்துபோகும். அலமாரியில் வைக்கும்போது முறுக்கு முழுக்க இறங்கியிருக்க வேண்டும். பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த அலமாரிக்குக் கண்ணாடிக் கதவும் பூட்டும் போட்டுவிடுங்கள்.