செருப்பும் தராசும்: ஒற்றை எதிருரு மருந்தை எந்த முறையில் அளப்பது?

மாமாங்கேஸ்வரர் கோயில் வாசலில் கழற்றிவிட்ட செருப்புச் சோடியைத் தராசில் வைத்துப் பாருங்கள். இடதும் வலதும் ஒரே நிறை. காலை நுழைத்தால்தான் எது எந்தக் காலுக்கு என்று தெரியும். ஒரே மருந்து மூலக்கூறின் இடம்-வலம் வடிவங்களான எதிருருக்களும் அப்படித்தான். மூலக்கூறின் நிறையைப் பார்க்கும் திணிவு நிறமாலைமானி தராசு. இரண்டு வடிவங்களையும் பிரித்துக் காட்டும் குழாயான கைரல் கொலம் கால்.

வந்தாறுமூலையில் இரசாயனம் படிக்கும் தங்கச்சி ஒருத்தி போன கிழமை கேட்டா: "அண்ணா, குளிசையில ஒரு எதிருருதானே இருக்கு. குருதியில அளக்கக் கைரல் கொலம் வேணுமா?"

முதலில் குளிசையைப் பாருங்கள். ஒஃப்ளொக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியில் R, S என்ற இரண்டு எதிருருக்களும் பாதிக்குப் பாதி. லீவோஃப்ளொக்சசினில் S மட்டும்.

அடுத்த படியில்தான் பலர் வழுக்குகிறார்கள். உள்ளே போன எதிருரு உடம்பில் மற்றதாக மாறுமா? மாறும் என்றால், எந்தத் திசையில்? இபுபுரொஃபனின் R வடிவம் உடம்பில் S ஆகிறது. S திரும்பி R ஆவதில்லை. அதனால் S மட்டும் உள்ள டெக்ஸ்இபுபுரொஃபனுக்குச் சாதாரண முறை போதும். R மட்டும் கொடுத்தால் கைரல் முறை இல்லாமல் முடியாது. தாலிடொமைட் இரு திசையிலும் மாறும், அதுவும் எடுத்துவைத்த குருதித் திரவவிழையத்திலேயே (பிளாஸ்மாவிலேயே). அதன் மாதிரியை உடனே அமிலப்படுத்திக் குளிரில் வைக்காவிட்டால், எவ்வளவு நல்ல கொலமும் பிழையான விடையைத்தான் தரும். நம் ஊர் வெக்கையில் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

"மாறாது" என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். வெளியான சான்று இல்லையென்றால், சில மாதிரிகளைக் கைரல் முறையில் ஓட்டிப் பார்த்து உறுதிசெய்துவிட்டுக் கைரல் அல்லாத முறைக்குப் போங்கள்.

கடைசியாக, இரண்டு குளிசைகள் குருதியில் ஒரே அளவு மருந்தைத் தருகின்றனவா என்று பார்க்கும்போது, எதோடு ஒப்பிடுகிறீர்கள்? இரண்டு குளிசைகளிலும் அதே ஒற்றை எதிருரு இருந்து, அது உடம்பில் மாறாதென்றால், ஐரோப்பிய மருந்து முகமையின் 2010 வழிகாட்டி கைரல் அல்லாத முறையை ஏற்கிறது. ஒற்றை எதிருருவை இரண்டும் கலந்த குளிசையோடு ஒப்பிட்டால் பிரித்தே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டின் கூட்டுத்தொகை ஒரே எண்ணாக வந்து நிற்கும்.

தங்கச்சியின் மருந்து லீவோஃப்ளொக்சசின். அது உடம்பில் மற்ற எதிருருவாக மாறுவதில்லை என்பது நிறுவப்பட்டது. ஒப்பிடுவதும் இன்னொரு லீவோஃப்ளொக்சசினோடுதான். "எதிருருக்களைப் பிரிக்காத வழமையான C18 கொலத்திலேயே ஓட்டுங்க" என்றேன். கைரல் கொலத்தின் விலையும் கூட, பெரும்பாலும் ஒவ்வொரு மாதிரிக்கும் எடுக்கும் நேரமும் கூட. தேவையில்லாத இடத்தில் அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.