பெற்றோல் தாங்கிக்குள் ஸ்பிரிட் ஊற்றாதீர்கள்

மாரி மழை ஓய்ந்து திருகோணமலை நிலாவெளி வீதியில் வெயில் ஏறத் தொடங்கியதும் என் கராஜுக்கு வரும் மோட்டார் சைக்கிள்களில் பாதி ஒரே நோயோடு வருகின்றன. உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவை அவை. நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை தகரக் கொட்டிலுக்குள் கிடந்தவை. இந்த முறை வந்த ஒன்றின் தாங்கி மூடியைத் திறந்தேன். பெற்றோல் மணத்தோடு ஆஸ்பத்திரி மணமும் சேர்ந்து வந்தது. கொண்டுவந்த தம்பிக்கு இருபது வயதுதான் இருக்கும். “தாங்கிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது அண்ணா. அதுதான் ஒரு போத்தல் ஸ்பிரிட் விட்டேன்” என்றார்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவர் வயதில் நானும் அதையேதான் செய்தேன். பிளக் துடைப்பது, ஒயில் மாற்றுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன். ஸ்பிரிட்டில் இருக்கும் எதனோல் என்ற மதுசாரத்தைச் சுற்றி நடக்கும் தவறுகள் வேறு வகை.

தண்ணீரை எடுக்க மதுசாரம் ஊற்றுவது

இந்த யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இது இன்னும் சாகவில்லை. பெற்றோலும் தண்ணீரும் சேராது. பாரமான தண்ணீர் அடியில் தங்கிவிடும். மதுசாரம் இரண்டோடும் சேரும். ஆகவே மதுசாரம் விட்டால் அடித்தண்ணீர் பெற்றோலில் கரைந்து, எரிந்து போய்விடும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

அந்தக் கணக்கில் அளவு விடுபட்டுப்போகிறது. பத்து சதவீதம் எதனோல் கலந்த பெற்றோல் தாங்கக்கூடிய தண்ணீர் ஏறக்குறைய அரை சதவீதம்தான். 10 லீற்றருக்கு 50 மில்லிலீற்றர். ஒரு பிளேன்ரீக் கோப்பையில் கால்வாசி. அதற்கு மேல் போனால் எதனோல் பெற்றோலைக் கைவிட்டு, தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். 10 லீற்றரில் பத்து சதவீதமாக ஊற்ற வேண்டிய ஒரு லீற்றர் 95 சதவீத ஸ்பிரிட்டில் அந்த 50 மில்லிலீற்றர் தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஊற்றும்போதே எல்லை நிரம்பிவிடுகிறது. தாங்கியில் கிடந்த தண்ணீருக்கு இடமே இல்லை. குறைவாக ஊற்றினால் தாங்கும் அளவும் குறைந்துவிடும். கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிய 70 சதவீதக் கிருமிநீக்கியைச் சிலர் ஊற்றுகிறார்கள். அது பெற்றோலில் விழுந்ததுமே பிரிந்துவிடும்.

இனித்தான் உண்மையான கேடு. தாங்கிக்குள் பெற்றோல் இறங்கும் குழாய் அடித்தகட்டிலிருந்து சற்று உயர்ந்தே நிற்கும். கொஞ்சத் தண்ணீர் அதற்குக் கீழே கிடந்தால் இயந்திரத்துக்கு அது போய்ச் சேராது. ஒருநாள் தாங்கியைக் கழற்றி வடித்துவிடலாம். அரை லீற்றர் ஸ்பிரிட் ஊற்றியதும் அடியில் கிடக்கும் அந்தப் படை உயர்ந்து குழாய் வாயை மூடிவிடுகிறது. கிடந்த இடத்தில் சும்மா கிடந்த தண்ணீரை நாமே தூக்கி இயந்திரத்துக்கு ஊட்டுகிறோம். காபரேற்றர் இல்லாமல் பெற்றோலை ஊசியால் பீச்சும் (இன்ஜெக்‌ஷன்) வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். பெற்றோல் பம்ப் தாங்கியின் அடியிலேயே அந்தக் கலவைக்குள் மூழ்கி நிற்கிறது.

2011இல் நான் இதைச் செய்தது மோட்டார் சைக்கிளுக்குக்கூட அல்ல. திருக்கடலூரில் என் மாமாவின் படகுக்குச் செய்தேன். 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் இயந்திரம், பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடுவது. மழைக்காலம் முடிந்து முதல் நாள் தொழிலுக்குப் போக மாமா ஆயத்தமானார். பெற்றோல் கானுக்குள் தண்ணீர்த் துளிகள் தெரிந்தன. “நான் சரிசெய்து தருகிறேன் மாமா” என்று ஒரு போத்தல் ஸ்பிரிட்டை ஊற்றிக் குலுக்கிக் கொடுத்தேன். கரையில் நன்றாகத்தான் ஓடியது.

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைக்கு நேரே போனதும் அலையில் கான் ஆட, இயந்திரத்துக்கு ஒரு கணம் பெற்றோலும் மறுகணம் அடியில் கிடந்த மதுசாரத் தண்ணீரும் போயிருக்கிறது. இயந்திரம் இருமியது. மாமா முழு வேகம் கொடுத்துப் பிடித்துப் பார்த்திருக்கிறார். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு வேறு ஒயில் கிடையாது. பெற்றோலில் கரைந்து வருவதுதான். அந்த ஒயில் மேலே பெற்றோலோடு நின்றுவிட்டது. கீழே இருந்த கலவையில் அது கரையாது. பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொண்டது. வேறொரு படகு கட்டியிழுத்து வந்து கரை சேர்த்தது. பிஸ்டனும் சிலிண்டரும் புதிதாகப் போட மாமியின் காப்பு அடகுக்குப் போனது. அவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை அதுதான் எனக்கு ஆறவில்லை.

அதனால்தான் யாராவது “இந்தியாவில் 20 சதவீதம் கலக்கிறார்களே, நாங்கள் ஒரு போத்தல் விட்டால் என்ன?” என்று கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அங்கே கலப்பது 99 சதவீதத்துக்கு மேல் தூய்மையான, தண்ணீர் நீக்கிய எதனோல். பிரேசிலில் தண்ணீர் கலந்த எதனோலையே தனி எரிபொருளாக விற்கிறார்கள். அதற்கென்று செய்த இயந்திரங்கள் அங்கே ஓடுகின்றன. பார்மசிப் போத்தலுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை.

குலுக்கிச் சேர்க்கப் பார்ப்பது

சேராது. வடித்துவிடுங்கள்.

மேலே புதுப் பெற்றோல் ஊற்றுவது

பிரிந்த கலவை அடியிலேயே கிடக்கும். புதுப் பெற்றோலுக்குக் கொடுத்த காசும் அதோடு போகும்.

சோதிக்காமல் ஜெட் மாற்றுவது

இந்தியாவில் 20 சதவீதக் கலப்பு 2023இல் தொடங்கியது. அதற்குப் பிறகு அங்கிருந்து வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரில் பெற்றோல் வரும் சிறு துளையான ஜெட்டைப் பெரிதாக்கித் தரும்படி கேட்டு வருகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் சரிதான். பெற்றோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும்; எதனோலுக்கு 9 பங்கு போதும்; 20 சதவீதக் கலவைக்கு ஏறக்குறைய 13.5. பழைய ஜெட்டில் அந்தக் கலவையை ஓட்டினால் காற்று கூடி இயந்திரம் சூடாகும். எதனோலின் சக்தியும் பெற்றோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், ஒரு லீற்றருக்கு ஓடும் தூரம் ஆறு ஏழு சதவீதம் குறையலாம்.

ஆனால் உங்கள் தாங்கியில் எதனோல் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? இந்தியாவில் உள்ளதுபோன்ற கட்டாயக் கலப்பு இங்கே இலங்கையில் இல்லை. இல்லாத எதனோலுக்காக ஜெட்டைப் பெரிதாக்கினால் பிளக் கறுத்துப் பெற்றோல் வீணாகும். தாங்கி மூடியில் 20 சதவீதம் என்று ஒட்டியிருப்பது அந்த வண்டி அவ்வளவைத் தாங்கும் என்பதற்காக. அவ்வளவு வேண்டும் என்பதற்காக இல்லை.

சோதிப்பது எளிது. அளவுக்கோடு போட்ட, நேரான கண்ணாடிப் போத்தலில் 10 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு, 100 வரை பெற்றோல் ஊற்றுங்கள். மூடிக் குலுக்கி, மூடியை மெல்லத் திறந்து ஆவியை விட்டு, கால் மணி நேரம் வையுங்கள். அடியில் உள்ள படை 10இலேயே நின்றால் மதுசாரம் இல்லை. 19 அளவில் நின்றால் பத்து சதவீதக் கலவை. 28 அளவுக்குப் போனால் இருபது. அடுப்பங்கரையில் இதைச் செய்யவே வேண்டாம்.

கிடைத்த குழாயைப் பூட்டுவது

மீன்தொட்டிக்குக் காற்று விடும் பிளாஸ்டிக் குழாயைப் பெற்றோல் குழாயாகப் பூட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வெறும் பெற்றோலிலேயே அது விறைத்துப் பிளந்துவிடும். எதனோல் கலந்தால் பழைய இறப்பர் வளையங்களும் கோர்க்குகளும் ஊதிப் பின் உதிரும். எதனோல் பழைய அழுக்கையும் கரைத்துக்கொண்டு வந்து வடிகட்டியை அடைக்கும். எரிபொருளுக்கென்றே செய்த குழாய்க்கு விலை கொஞ்சம்தான் கூட.

பழைய பைபர்கிளாஸ் தாங்கி

எதனோல் அதன் பிசினைக் கரைக்கும். ஊற்ற வேண்டாம்.

மாரிக்குப் பாதித் தாங்கியோடு விடுவது

வெற்றிடத்தில் நிற்கும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து உட்சுவரில் வியர்க்கும். கடற்கரையோரம் உப்பும் சேரும். ஒன்றில் மூடிவரை நிரப்புங்கள், அல்லது முற்றாக வடித்துவிடுங்கள். எதுவானாலும் தாங்கியின் பெற்றோல் டெப்பை மூடி, காபரேற்றரின் அடிக்கிண்ணத்தை வடித்த பிறகே வண்டியை மூடிவையுங்கள். அந்தத் தம்பியின் கிண்ணத்துக்குள் சுண்ணாம்புபோல் வெள்ளைப் பொடி படிந்து, சிறிய ஜெட் முழுதாக அடைத்திருந்தது. காபரேற்றரையே மாற்றவேண்டி வந்தது.

வடித்ததை எங்கே ஊற்றுவது என்பதிலும் கவனம் வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் எல்லாம் மணல் நிலம். சில அடி தோண்டினால் கிணற்றுத் தண்ணீர். வேலியோரம் சரித்துவிட்டால் அது குடிக்கும் தண்ணீரில் போய்ச் சேரும். மூடியுள்ள உலோகக் கானில் சேர்த்து, பெயர் எழுதி, பிள்ளைகள் கைபடாத நிழலில் வையுங்கள். எனக்குத் தெரிந்த வாடிக்கையாளர்கள் அதை என் கராஜில் கொண்டுவந்து தருகிறார்கள். சங்கிலியும் பல்சக்கரமும் கழுவ நான் எடுத்துக்கொள்கிறேன்.