குதிரை இருமினால் தீவனத்தின் மேல் பழி போடாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு உடம்பில் தடிப்பு வந்தால், "கிரந்திச் சாப்பாடு ஏதும் சாப்பிட்டீர்களா?" என்பதே முதல் கேள்வி. கத்தரிக்காயையும் இறாலையும் குற்றம் சொல்லிப் பழகிய நாம், குதிரை இருமினாலும் அப்படித்தான் யோசிக்கிறோம். முதலில் தவிட்டை நிறுத்துகிறோம், பிறகு பிண்ணாக்கை, பிறகு கடலையை. குதிரை மெலிகிறது, இருமல் நிற்பதில்லை.

குதிரைக்கு உணவு ஒவ்வாமை வருவது அரிது. வந்தாலும் பெரும்பாலும் தோலில்தான் தெரியும்: தடிப்பு, தினவு. நாட்பட்ட இருமலுக்கும் தொய்வுக்கும் (ஆஸ்துமா) காரணம் அநேகமாகத் தின்னும் பொருள் அன்று. தின்னும்போது மூச்சோடு உள்ளே போகும் தூசியும் பூஞ்சண வித்துகளும்தான். அவை நுரையீரலின் சிறு குழாய்களைச் சுருங்க வைத்துச் சளியால் அடைக்கின்றன. குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது. மூக்கு ஒன்றே வழி.

மாடு வளர்த்த பழக்கத்தில் வைக்கோலை அப்படியே உதறிப் போடுவது பெரிய தவறு. அறுவடைக்குப் பின் ஒரு மழை பெய்தாலும் போதும், மேலே பொன்னிறமாகக் காய்ந்த போரின் உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கும். மணந்து பாருங்கள். புளித்த, மக்கிய வாடை வந்தால் எறிந்துவிடுங்கள். நனைத்தாலும் அது நல்ல தீவனமாகாது. நல்ல காய்ந்த புல்லைக்கூட 10 முதல் 30 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, நீரை வடித்துவிட்டு உடனே கொடுங்கள். நம் வெயிலில் மிச்சம் சீக்கிரம் கெட்டுவிடும்.

தீவனத்தை வலையில் உயரக் கட்டாதீர்கள். நெடுந்தீவில் மேயும் குதிரைகளைப் பாருங்கள்: திறந்த வெளி, குனிந்த தலை. குனிந்து தின்னும்போதுதான் சளி தானாக வடிகிறது. குதிரையை உள்ளே கட்டிவைத்துக்கொண்டு கொட்டிலைக் கூட்டுவதைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. வெளியே கொண்டுவந்து கட்ட இரண்டு நிமிடம் போதுமே! சிறுநீர் ஊறிய படுக்கையின் நெடியும் மூச்சுக்குழாயை அரிக்கும்.

உணவில் உண்மையாகவே சந்தேகம் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மட்டும் நிறுத்திச் சில வாரங்கள் பார்த்து, திரும்பக் கொடுத்துப் பாருங்கள். இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

மனிதருக்கு வாங்கிய தொய்வு மருந்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஓய்வாக நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சு விடும். விலாவைப் பார்த்து எண்ணுங்கள். நிழலில் சும்மா நிற்கும்போதே அது கூடி, மூக்குத்துவாரம் விரிந்து, வயிறு எக்கினால் அன்றே கால்நடை வைத்தியரை அழையுங்கள்.