பச்சை விளக்கு எரியும், ராக்கெட் எழும்பாது: உப்புக்காற்றில் இக்னைட்டரை நம்பும்படி வைப்பது எப்படி

போன கோடையில் மண்டபம் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு கண்மாயில் சின்ன மாடல் ராக்கெட் ஒன்றை நிறுத்திவிட்டு, சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளை ஐந்திலிருந்து எண்ணச் சொன்னேன். பேட்டரியிலிருந்து வயர் வழியே ராக்கெட்டை ஏவும் பெட்டியில், இணைப்பு சரி என்று காட்டும் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரை மாற்றினேன், மறுபடி எண்ணினார்கள், மறுபடி ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை பாதிப்பேர் சிரித்துக்கொண்டே எண்ணினார்கள்.

மூன்று இக்னைட்டர் வீண் என்று வீட்டுக்கு எடுத்து வந்து மீட்டரை வைத்துப் பார்த்தால், மூன்றும் கம்பி அறாமல் அப்படியே இருந்தன. குற்றவாளி வேறு ஆள்.

முதலில் இக்னைட்டர் என்பது என்ன என்று பார்த்துவிடலாம். இரண்டு கால்கள், நுனியில் அவற்றை இணைக்கும் முடி போன்ற நைக்ரோம் கம்பி, சிலவற்றில் அதன்மேல் பொட்டுப் போல ஒரு எரிமருந்து. அவ்வளவுதான். மின்சாரம் பாய்ந்தால் கம்பி பழுத்து, மோட்டாருக்குள் இருக்கும் எரிபொருளைப் பற்றவைக்கும். மோட்டார், இக்னைட்டர் இரண்டையும் ஆயத்தமாக வாங்கியதாகவே வைத்துப் பேசுகிறேன். வீட்டில் மருந்து கலந்து அடைப்பதை நான் சொல்லித்தரப் போவதில்லை, நீங்களும் முயல வேண்டாம்.

படி 1: இக்னைட்டரை அளந்து பாருங்கள்

மோட்டாருக்குள் நுழைப்பதற்கு முன்பு, வெளியே வைத்து அளக்க வேண்டும். மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், 0.2 அல்லது 0.3 ஓம் காட்டும். அது மீட்டர் வயரின் கணக்கு, கழித்துவிடுங்கள். இக்னைட்டர் ஒரு ஓம் அளவுக்குள் காட்டினால் நல்லது. எண்ணே வராவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. பூச்சியம் காட்டினால் கால்கள் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரே பாக்கெட்டில் ஒன்று மட்டும் தனியாக எண் காட்டினால் அதை ஒதுக்கிவிடுவேன். காரணம் தேடிக்கொண்டிருக்க மாட்டேன்.

படி 2: மின்சாரம் போகும் பாதையை அளந்து பாருங்கள்

நான் கோட்டைவிட்டது இங்கேதான். படகுகளுக்கு வயரிங் செய்கிற அண்ணன் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். பெட்டியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, "பச்ச லைட்டு எரியுதுண்ணே, ஆனா வெடிக்க மாட்டேங்குது" என்றேன். அவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. வயர் நுனியில் இக்னைட்டரின் காலைக் கவ்வும் முதலை கிளிப்பைத் திருப்பிப் பார்த்தார். பல்லிடுக்கில் துரு மாதிரி பச்சையாகக் களிம்பு. "தம்பி, லைட்டு எரிஞ்சா கரண்டு போகுதுன்னு அர்த்தம். எவ்வளவு போகுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

கணக்குப் போட்டால் அவர் சொன்னது சரிதான். அந்தப் பச்சை எல்.இ.டி. எரிய 10 மில்லி ஆம்பியர் போதும். களிம்பால் கூடுதலாக ஒரு ஓம் தடை வந்தாலும் அதற்கு 10 மில்லிவோல்ட்தான் நஷ்டம்; விளக்கு மங்கியதே தெரியாது. பொத்தானை அழுத்தும்போது கதை வேறு. யு.பி.எஸ்.ஸில் வரும் 12 வோல்ட் பேட்டரி, 10 மீட்டர் வயர், 0.7 ஓம் இக்னைட்டர் என்று வையுங்கள். வயர் போக 10, வர 10, ஆக 20 மீட்டர் செம்பு. 1.5 சதுர மி.மீ. வயரானால் அது 0.23 ஓம். கிளிப்புகளுக்கும் பேட்டரிக்கும் சேர்த்து 0.13 ஓம் போட்டால் மொத்தம் 1.06 ஓம், 11 ஆம்பியருக்கு மேல் பாயும். இதே பாதையில் களிம்பின் ஒரு ஓம் சேர்ந்தால் 6 ஆம்பியருக்கும் கீழே போய்விடும். மின்னோட்டம் பாதியானால் சூடு கால்வாசியாகும், ஏனென்றால் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுமார் 90 வாட் கிடைக்க வேண்டிய நுனிக்கு 24 வாட்கூடக் கிடைக்காது. அதோடு என் வயரோ 0.5 சதுர மி.மீ., அழைப்பு மணிக்குப் போடும் மெல்லிய வயர். அது மட்டுமே 0.7 ஓம், அதாவது இன்னொரு இக்னைட்டரை வழியில் கட்டி வைத்த மாதிரி. பேட்டரியும் கொஞ்சம் கிழடு.

அண்ணன் ஒரு ஹெட்லைட் பல்பை எடுத்துக் கொடுத்தார். 12 வோல்ட், 55 வாட். ராக்கெட்டும் மோட்டாரும் பக்கத்திலேயே இல்லாதபோது, இக்னைட்டர் இருக்க வேண்டிய இடத்தில் கிளிப்புகளை இந்தப் பல்பில் மாட்டுங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பல்பின் இரண்டு முனைகளுக்கும் இடையே வோல்ட் அளவைப் பாருங்கள். பல்பு நாலரை ஆம்பியர் வரை இழுக்கும். பாதை நன்றாக இருந்தால் 11 வோல்ட் ஒட்டி வரும். என்னுடையது எட்டுக்குக் கொஞ்சம் கீழே காட்டியது. அதே பிடியில் பேட்டரி முனையிலும் அளந்துவிடுங்கள், அங்கேயே 11.5க்குக் கீழே இறங்கினால் பேட்டரியை மாற்ற வேண்டும், இறங்காவிட்டால் கோளாறு வழியில் இருக்கிறது. ஒவ்வொரு இணைப்பாக முனையை நகர்த்தினால் எந்த இடத்தில் வோல்ட் விழுகிறது என்று கையோடு தெரிந்துவிடும்.

படி 3: கிளிப்பும் வயரும்

கடலிலிருந்து காற்றோடு வரும் உப்பு, காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கசியும். நம் ஊரில் இரவு நேரத்தில் அது சர்வசாதாரணம். துருவை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருக்கிறது என்றால், உங்கள் முதலை கிளிப் எம்மாத்திரம்?

கிளிப்பின் பற்களை உப்புத்தாளால் பளபளப்பு வரும் வரை தேயுங்கள். (பெயர் பொருத்தத்தைப் பாருங்கள்.) தேய்த்ததோடு விட்டால் உப்பு அங்கேயே இருக்கும், நாளைக்கே மறுபடி பச்சை பூக்கும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவிடுங்கள். களிம்பு பள்ளம் பறித்திருந்தால் கிளிப்பையே மாற்றுங்கள், சில்லறைக் காசு. வயரைக் கிளிப்பில் முறுக்கி மட்டும் வைக்காமல் ஈயம் வைத்துச் சால்டர் செய்து, அந்த இணைப்பின் மேல் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பல்லில் தடவ வேண்டாம், மணல் ஒட்டிக்கொள்ளும்.

படி 4: பொருத்துவது

இக்னைட்டரின் நுனி எரிபொருளைத் தொட வேண்டும். முட்டும் வரை நுழைத்து, மோட்டாரோடு வந்த அடைப்பானை அழுத்தி மாட்டுங்கள். அரை சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தாலும் கம்பி மட்டும் எரிந்து அணைந்துவிடும். புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கால்களை இருபுறமும் விரித்து, கிளிப்புகள் ஒன்றையொன்றும் ராக்கெட்டுக்கு அடியில் இருக்கும் உலோகத் தட்டையும் தொடாதபடி மாட்டுங்கள். கச்சான் காற்று அடிக்கிற நாளில் வயரே ஊஞ்சலாடி இக்னைட்டரை வெளியே இழுத்துவிடும். அதனால் ராக்கெட்டை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பியின் அடியில் வயரை ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுவேன்.

படி 5: ஏவுவது

கிளிப் மாட்டும்போது பெட்டியின் சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மோட்டாரின் சக்தியை ஏ, பி, சி, டி என்று ஏறுவரிசையில் எழுத்தால் குறிப்பார்கள்; டி வகை வரை 5 மீட்டர், அதற்கு மேல் 9 மீட்டர் தள்ளி நின்று ஏவுங்கள். பற்றாவிட்டால் சாவியைக் கழற்றி, பேட்டரியை விடுவித்து, 60 வினாடி கழித்துத்தான் யாரும் கிட்டே போக வேண்டும். சுற்றிலும் காய்ந்த புல்லைச் செதுக்கிவிடுங்கள். கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்துக்கு ஒரு பொறி போதும். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை என்று இருக்கிற ஊர் இது. காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்காமல் எதையும் மேலே அனுப்பாதீர்கள்.

வயரை மாற்றி, புதுக் கிளிப் வைத்து, பேட்டரியும் மாற்றிய பிறகு பல்பில் 11.1 வந்தது. முன்பு எழும்பாத அதே மூன்று இக்னைட்டர்களில் ஒன்றை வைத்துத்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏவினோம். அழுத்தியதும் போய்விட்டது, எண்ணி முடித்த பிள்ளைகளுக்கு வாயை மூட நேரமில்லை. இறங்கியது கருவேலங்காட்டுக்குள். எடுத்து வர ஒரு மணி நேரம், கையெல்லாம் முள்.

மீதி இரண்டும் இப்போது மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கின்றன. கிளிப்புகளும் அதே டப்பாவில்தான்.