தொட்டி அல்லிக்குக் களிமண்தான்

அல்லிக்கு நர்சரி மண்கலவை வேண்டாம். அதிலுள்ள கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மிதந்து தொட்டித் தண்ணீரையே கலக்கிவிடும். நான் வயல் களிமண்ணைத்தான் அகலமான பிளாஸ்டிக் பேசினில் நிரப்புகிறேன். கிழங்கைச் சாய்த்து வைத்து, குருத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைக்க வேண்டும். மேலே கொஞ்சம் கூழாங்கல். இல்லாவிட்டால் மீன்கள் மண்ணைக் கிளறிவிடும்.

முதலில் பேசினைத் தொட்டிக்குள் செங்கல் மேல் ஏற்றி, குருத்துக்கு மேல் அரையடி தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். இலை பெருகப் பெருகக் கீழே இறக்கலாம். வெயில் 6 மணி நேரமாவது வேண்டும். மாமர நிழலில் வைத்துவிட்டுப் பூக்கவில்லையே என்றால் என்ன சொல்வது?

மாதம் ஒருமுறை ஒரு டீஸ்பூன் டி.ஏ.பி. உரத்தைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, கிழங்கில் படாமல் மண்ணுக்குள் ஆழமாகச் செருகுங்கள். தண்ணீரில் தூவினால் பாசிதான் கொழுக்கும். அப்புறம், கொசுப்புழுவுக்கு நாலைந்து கப்பி மீன் போதும்.